யானைக்கால் சுவர்

என் வீட்டுக்காரர் கண்ணாயிரம் கொத்தனார் ஜவ்வாது மலையில் கட்டிய மாதா கோயிலின் கூரை 1960 பங்குனியில் விழுந்தது. கூரையோடு அவரும் போனார். இதை எழுத உட்கார்ந்தால் நான்கு வரிக்கு மேல் உட்கார முடிவதில்லை. எழுந்து அடுப்படிக்குப் போகிறேன். தாகமில்லாமல் தண்ணீர் குடிக்கிறேன். வாசற்கதவைத் திறந்து மூடிவிட்டுத் திரும்ப வருகிறேன். இன்று எப்படியாவது முடித்துவிட வேண்டும்.

எங்களுக்குச் சொந்த ஊர் கணியம்பாடி. நான் எட்டாவது வரை படித்தவள். அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். ஆனால் கமான், அதாவது கல் வளைவு, போடுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாணியம்பாடியில் அவர் போட்ட ஒரு மசூதிக் கமானைப் பார்த்துவிட்டுத்தான் இஞ்ஞாசி சாமியார் எங்கள் வீட்டைத் தேடி வந்தார்.

சாமியார் ஸ்பெயின் தேசத்துக்காரர். இங்கே வருவதற்கு முன் பிலிப்பைன் தீவுகளில் பதினோரு வருஷம் இருந்தவர். அவருடைய தேசத்தார் அந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில் கடற்கரை ஊர் ஒன்றில் கட்டிய கோயிலில் அவர் பூசை வைத்திருக்கிறார். இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டு விழுந்து அந்தக் கோயில் தரைமட்டமானது. அதே கோயிலை, அளவில் கால்வாசியாக, மலைமேல் வேங்கைமரத்தூரில் எழுப்பிப் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. படம் ஒன்றுகூட அவரிடம் மிஞ்சவில்லை. எல்லாம் ஞாபகத்தில்தான் இருந்தது.

அவர் பேசும் தமிழ் யாருக்கும் விளங்காது. எழுதும் தமிழோ பள்ளிக்கூட வாத்தியார் எழுதியதுபோல இருக்கும். அதனால் அந்தக் கோயிலின் சரித்திரத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரு நோட்டில் எழுதி என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார். சுவரின் கனம், ஜன்னலின் அளவு எல்லாம் அந்தச் சரித்திரத்துக்கு நடுவில்தான் வரும். இவர் அதை அப்படியே என்னிடம் நீட்டினார். "நீ படி, நான் கட்றேன்" என்றார்.

வேங்கைமரத்தூரில் வேலை நடக்கும் இடத்தை ஒட்டி எங்களுக்கு ஒரு குடிசை போட்டுக் கொடுத்தார்கள். மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் நிழலில் உட்கார்ந்து, வேலை நகர்வதற்குத் தக்கபடி ஒரு பக்கம் அரைப் பக்கம் என்று படிப்பேன். அவர் படுத்துக்கொண்டு கேட்பார். சுண்ணாம்பு அரைக்க வரும் சின்னக்குழந்தை என்கிற மலைக்காரப் பெண்ணும் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்பாள்.

"இன்னாடி சொல்லுது இன்னிக்கு?"

"மொத மொத மூங்கில்லயும் ஓலையிலயும் கட்னாங்களாம். பத்தே வருசத்துல எரிஞ்சிபோச்சாம்."

"உங்கப்பன் வூடு மாதிரி."

"எங்கப்பா வூடு எரியலிங்க. ஒழுகத்தான் செஞ்சிது."

அந்தக் கோயிலைக் கடலிலிருந்து வெட்டியெடுத்த பவளப்பாறையில் கட்டினார்களாம். ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது. சிப்பியோட்டைத் தகடாகத் தேய்த்துச் சட்டத்தில் பதித்திருந்தார்களாம். வெயில் பட்டால் உள்ளே பால் ஊற்றியதுபோல வெளிச்சம் வரும் என்று சாமியார் எழுதியிருந்தார். முகப்புச் சுவர் கூரையைவிட உயரம். அதன் இரண்டு தோளிலும் சங்குபோல் சுருள். செதுக்கியவர்கள் சீனக் கல்தச்சர்கள். அதனால் சிங்கமெல்லாம் சீனத்துச் சிங்கமாகவே இருந்ததாம். அர்ச்சியசிஷ்டர், அதாவது அவர்கள் வேதத்துப் புனிதர், ஒருவர் வாழைமரத்தடியில் நிற்பதுபோல அந்த ஊர்க்காரன் ஒருவன் செதுக்கி வைத்திருந்தானாம்.

"வாழமரமா?" என்று இவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அப்ப நம்ம கோயில்ல பலாமரம் வெப்பம்டி. சாமியார் இன்னா சொல்லிடுவாரு?"

சுண்ணாம்பில் கலக்க வீட்டுக்கு வீடு முட்டை வாங்கி வெள்ளைக்கருவை ஊற்றினார்கள் என்று படித்த அன்று சின்னக்குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

"யக்கா, மஞ்சக்கருவ யாரு துன்னாங்க?"

"சாமியாருங்கதான் துன்னுருப்பாங்க. வேற யாரு?" என்றார் இவர்.

எங்களுக்கு முட்டை வேண்டியிருக்கவில்லை. வெல்லமும் கடுக்காயும் ஊறிய தண்ணீரை ஊற்றித்தான் எங்கள் பக்கத்தில் சுண்ணாம்பு அரைப்பது. கடுக்காய்க்கு அந்த மலையில் பஞ்சமில்லை. மலைக்காரர்கள் பொறுக்கிக் குவிக்கும் கடுக்காயை தோல் பதனிடும் வாணியம்பாடி தோல் ஷாப்புகளுக்கு வாங்கிப் போகிறவர் கலீலுல்லா பாய். அவருக்குச் சொந்தமாகச் சுண்ணாம்புக் காளவாயும் இருந்தது. ஒடுகத்தூரிலிருந்து கழுதைமேல் சுண்ணாம்பை ஏற்றிக்கொண்டு அவரே கூட நடந்து வருவார். வந்ததும் ஒரு கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு, அது கொதித்து மலர்வதைக் காட்டிவிட்டுத்தான் மூட்டையை இறக்குவார்.

இருபத்தைந்தாம் பக்கத்தில் யானைக்கால் வந்தது. சாமியார் வேறு பேர் எழுதியிருந்தார். யானைக்கால் என்று பேர் வைத்தது இவர்தான். சுவருக்கு வெளியே, அடியில் அகன்று மேலே குறுகி, சாய்ந்து முட்டுக்கொடுத்து நிற்கும் கனத்த தூண்கள். பக்கத்துக்கு ஐந்து. அந்தத் தீவில் பூமி அடிக்கடி நடுங்கும், நடுங்கும்போது சுவரைப் பிடித்து நிறுத்துபவை இவை என்று அந்தப் பக்கத்தில் இருந்தது. மணிக்கூண்டைக்கூடக் கோயிலோடு ஒட்டாமல் தள்ளிக் கட்டியிருந்தார்கள். விழுந்தால் கோயில்மேல் விழக்கூடாதாம்.

"நம்மூர்ல பூமி எங்க ஆடுது?" என்றார். "சாராயம் குடிச்சவனுக்குத்தான் ஆடும். சாமியார் கேட்டதுக்காவ வெப்பம். கடைசில முடிச்சிக்கலாம்."

கல் வரத்தும் மந்தமாக இருந்தது. பாறை உடைத்த இடத்திலிருந்து வண்டி ஏற வழியில்லாமல் ஆள்தான் தூக்கி வர வேண்டும். மேற்குப் பக்கத்து யானைக்கால்கள் முக்கால் உயரத்துக்கு வந்திருந்தன. கிழக்கே இடுப்புயரத்தோடு நின்றுவிட்டன. வந்த கல்லையெல்லாம் அவர் கூரைக்குத் திருப்பிவிட்டார். அந்தக் கோயிலின் கூரை நீளமாக, வண்டிக்கூண்டு மாதிரி ஒரே வளைவாக ஓடுவது. அப்படி ஒன்றை அவர் அதுவரை போட்டதில்லை. அதைப் போட்டுப் பார்க்கும் ஆசையில் சரியாகத் தூங்கக்கூட இல்லை.

எங்கள் கொத்தனார் வீடுகளில் ஒரு கட்டு உண்டு. கமானுக்கு முதல் கல் வைத்ததிலிருந்து அடியில் தாங்கும் சென்ட்ரிங் மரத்தைப் பிரிக்கும்வரை அந்த வீட்டில் சாவுப் பேச்சை வாயால் எடுக்கக்கூடாது. எடுத்தால் கமான் கேட்டுக்கொள்ளும் என்பார்கள். மசூதிக் கமான் போட்டுக்கொண்டிருந்தபோது என் சின்னம்மா செத்துப்போன சேதி வந்தது. பதினோரு நாள் கிணற்றடியில் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து அவருக்குச் சோறு போட்டேன். சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் சொன்னேன். "நீதான்டி கொத்தனார் பொண்டாட்டி" என்றார். அந்த வார்த்தையை நான் ரொம்ப நாள் சொத்துப்போல வைத்திருந்தேன்.

வேங்கைமரத்தூரில் வளைவுக் கூரைக்கு முதல் கல் வைத்த மறுநாள் இருபத்தேழாம் பக்கத்தைத் திருப்பினேன். எதையும் கண்ணால் ஒரு தரம் ஓட்டிவிட்டு வாய்விட்டுப் படிப்பதுதான் என் வழக்கம். முதல் வரி இப்படி இருந்தது: 'இரண்டாவது கோயிலின் கூரை விழுந்து பத்தொன்பது கொத்தர்கள் மாண்டனர்.' அடுத்த வரிக்குப் போகவில்லை. பக்கத்தைப் புரட்டிவிட்டேன்.

"இன்னாடி, நின்னுட்ட?"

"எழுத்து கலங்கியிருக்குதுங்க. அடுத்த பக்கத்துல மணிக்கூண்டு வருது, கேளுங்க."

மணிக்கூண்டைப் பற்றிப் படித்தேன். அவர் ஒரு கையைக் கண்மேல் வைத்துக்கொண்டு கேட்டார்.

தை மாதக் கடைசியில் நடுக்கல்லைச் செருகிக் கூரையை மூடினார். அதற்கு முன்பே காய்ச்சல் கண்ட சாமியாரை டோலி கட்டி வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். சுண்ணாம்பு இறுக ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். அதை மட்டும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் குறையாமல் எண்ணினார்.

நாற்பத்தெட்டாம் நாள் காலையில் எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். சென்ட்ரிங்குக்கு அடியில் இருக்கும் ஆப்புகளைத் தட்டும்போது ஒருத்தர்தான் உள்ளே இருக்க வேண்டும். அந்த ஒருத்தர் கூரை போட்டவராக இருக்க வேண்டும். நான் வாசலுக்கு நேரே நின்றிருந்தேன். ஆப்பு தட்டும் சத்தம் சீராக வந்துகொண்டிருந்தது. கிழக்குச் சுவர் வெளிப்பக்கமாகச் சாய்வதை முதலில் பார்த்தவள் சின்னக்குழந்தை. அவள் கூப்பாடு போடுவதற்குள் கூரையின் நடுப்பாகம் உள்ளே இறங்கிவிட்டது. தூசி அடங்கவே வெகு நேரமானது. அதற்கு மேல் அந்த நாளை எழுதப் போவதில்லை.

பதினாறாம் நாள் காரியத்தன்று சாமியார் கணியம்பாடிக்கு வந்தார். கன்னம் ஒட்டி, அங்கி தொங்க, பாதி ஆளாக இருந்தார். என் கொழுந்தன் ராஜாக்கண்ணு நாற்காலி போட்டான். சாமியார் உட்காரவில்லை.

"அம்மா, ஒன்று கேட்க வேண்டும். நோட்டு முழுவதும் வாசித்தீர்களா? கூரை விழுந்த பக்கம்? கண்ணாயிரம் அதைக் கேட்டாரா?"

பேசும்போதே மூச்சு வாங்கியது. அன்று அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. வீடு நிறைய உறவுக்காரர்கள். அத்தனை பேர் கண்ணும் என்மேல்.

"படிச்சேன் சாமி. எல்லாத்தயும் படிச்சேன்."

அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "அறிந்தும் அந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். அப்படியானால் சுண்ணாம்பு. சுண்ணாம்புதான்" என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

சுண்ணாம்பு என்ற அந்த ஒரு சொல்லை ராஜாக்கண்ணு பிடித்துக்கொண்டான். அவனும் கொத்தனார்தான். அண்ணன் கையில் வேலை கற்றவன். "அதானே! எங்கண்ணன் போட்ட கமான் வுழுமா? தோல் ஷாப்புல தோல ஊறப்போட்ட சுண்ணாம்ப மறுபடி காயவெச்சித் தலையில கட்டிட்டான் பாய்!" என்று கூடத்திலேயே கத்தினான்.

எல்லோரும் போனபிறகு நோட்டை எடுத்து இருபத்தேழாம் பக்கத்தைப் படித்தேன். படித்துவிட்டு எழுந்தேன். அன்று எழுந்தவள்தான், இன்னும் ஒரு இடத்தில் உட்காரவில்லை.

ராஜாக்கண்ணுவின் பேச்சு பத்து நாளில் மலைக்கும் எட்டிவிட்டது. வேங்கைமரத்தூரில் பாய்க்குக் கடுக்காய் போட மறுத்தார்கள். பிறகு பக்கத்து ஊர்களிலும் மறுத்தார்கள். ஒடுகத்தூர்ச் சந்தையில் அவர் சுண்ணாம்பு மூட்டையை யாரோ அவிழ்த்து முகர்ந்து பார்த்து, "தோல் நாத்தம் வருதாடா?" என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

வைகாசியில் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். தோளில் ஒரு சாக்கு. திறந்து, விழுந்த கூரையின் துண்டு ஒன்றை வாசற்படியில் வைத்தார். ஐந்து கல் ஒன்றோடொன்று ஒட்டியபடி இருந்தது.

"பாரும்மா. நல்லா பாரு. கல்லு பொளந்திருக்குது, சுண்ணாம்பு வுடல. நான் கெட்ட மால் குடுத்திருந்தா இது இப்டி நிக்குமா? நீ தினம் அங்கதான இருந்தே. நீ ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும்."

உள்ளேயிருந்து ராஜாக்கண்ணு வந்தான். "இன்னா பாய், ஆட்டு முடி எதனா ஒட்டியிருக்குதான்னு பாக்க எடுத்துனு வந்தியா?"

"தம்பி, உங்கண்ணன் எனக்கும் தோஸ்த்து. அல்லா மேல ஆணையா சொல்றேன்."

"தோஸ்த்துக்குத்தான் குழி தோண்டினியா?"

பாய் அவனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் அந்தக் கல்லைப் பார்த்தேன். சொன்னால் என் வீட்டுக்காரர் யானைக்காலை விட்டுவிட்டுக் கூரை போட்டவர் ஆகிவிடுவார். நான் புருஷனுக்குப் பக்கத்தை மறைத்தவள், சாமியாரிடம் பொய் சொன்னவள். உள்ளே பால் பொங்குகிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனேன். அடுப்பில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்தபோது அவர் துண்டைச் சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு தெருக்கோடியில் நடந்துகொண்டிருந்தார்.

அதன்பிறகு நான் வீட்டில் ஒரு இடத்தில் நின்றதாக ஞாபகமில்லை. அரிசி களைவேன், பாதியில் விட்டுவிடுவேன். பெருக்கிய இடத்தையே பெருக்குவேன். ஆனியில், பாயை இனி மலைக்குள் விடுவதா இல்லையா என்று தீர்க்க வேங்கைமரத்தூரில் ஊர் கூடுகிறது என்று சேதி வந்தது. சாமியாரும் வருகிறாராம். அண்ணன் தரப்பில் பேச ராஜாக்கண்ணு புறப்பட்டான்.

"நானும் வர்றேன்" என்றேன்.

"நீ எதுக்கு அண்ணி? நான் பேசிட்டு வர்றேன்."

"வர்றேன்னா வர்றேன்."

ஒடுகத்தூரிலிருந்து ஏறினோம். வழி முழுக்க அவன் பேசப்போவதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தான். என் மடியில் நோட்டு இருந்தது அவனுக்குத் தெரியாது.

இடிந்த கோயிலுக்கு எதிரே, புளியமர நிழலில் ஊர் கூடியிருந்தது. ஊர்க்கவுண்டர் வேடியப்பன் கல்மேல் உட்கார்ந்திருந்தார். சாமியார் ஒரு பக்கம். கலீலுல்லா பாய் வெயிலில் தனியாக நின்றார். நிழலுக்கு வரும்படி அவரை யாரும் கூப்பிடவில்லை.

ராஜாக்கண்ணு வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன். "கவுண்டரே, நான் ஒண்ணு படிக்கணும்" என்றேன். மடியிலிருந்து நோட்டை எடுத்துப் பிரித்தேன். குரல் நடுங்கவில்லை. மத்தியானங்களில் படித்துப் பழகிய குரல்தானே.

'இரண்டாவது கோயிலின் கூரை விழுந்து பத்தொன்பது கொத்தர்கள் மாண்டனர். சுண்ணாம்பு நன்றாக இறுகியிருந்தது. பிழை சுவரில். நீண்ட வளைவுக் கூரை தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்குவதில்லை. இரு பக்கச் சுவர்களையும் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். முட்டுத்தூண்கள் முழு உயரம் எழும் முன்பே மரத்தை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது முறை தூண்களை முடித்த பின்னரே கூரையைத் தொட்டார்கள். கண்ணாயிரம், நீங்களும் அப்படியே செய்ய வேண்டும்.'

அவர் பேரைப் படித்ததும் நிறுத்தினேன். பக்கமும் அதோடு முடிந்தது.

"இத நான் அவருக்குப் படிச்சிக் காட்டல. மொத வரி சாவுன்னு இருந்துது, புரட்டிட்டேன். பூமி ஆடறதுக்குத்தான் யானைக்கால்னு நெனச்சாரு. நான் படிச்ச வரைக்கும் அப்டித்தான் இருந்துது. சாமிகிட்ட பொய் சொன்னேன். பாய் சுண்ணாம்புல ஒண்ணும் இல்ல."

சின்னக்குழந்தை மட்டும், "எழுத்து கலங்கியிருக்குதுன்னு சொன்னியேக்கா" என்றாள். குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

சாமியார் எழுந்தார். "முதல் பக்கத்தில் எழுத வேண்டியதை இருபத்தேழாம் பக்கத்தில் எழுதினேன். கதை சொல்லும் ஆசை. தவறு என்னுடையது" என்றார். அதை யாருக்கும் விளங்கும்படி சொல்ல அவருக்கு வரவில்லை. நான்தான் ஊருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தது.

வேடியப்பன் கவுண்டர் பாயைப் பார்த்து, "நெழலுக்கு வாய்யா" என்றார். "நாளைலருந்து கடுக்கா போடுவாங்க. ஊரு பேசனது தப்பு." அவ்வளவுதான். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

ராஜாக்கண்ணு என் பக்கத்தில் வந்து நின்றான். "நீ படிச்சிக் காட்டியிருந்தாலும் அவன் கேட்டிருக்க மாட்டான் அண்ணி. கூரை மேலயே இருந்துது அவன் புத்தி" என்றான். எனக்கு ஆறுதலாகச் சொன்னானா, அண்ணனைத் திட்டினானா, என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் எதையோ சொன்னானா என்று இன்றுவரை தெரியாது. விடுவிடென்று முன்னால் இறங்கிப் போய்விட்டான்.

பாய் நிழலுக்கு வரவில்லை. நான்தான் அவரிடம் போனேன்.

"பாய்."

"இத எப்பம்மா படிச்சே? அந்தப் பக்கத்த?"

"பதினாறாம் நாளு."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறந்தான நான் உன் வூட்டுக்கு வந்தேன்" என்றார். "அன்னிக்கி வாசப்படில நின்னு கெஞ்சினப்ப, உனக்குத் தெரியும்."

நான் நோட்டை மடியில் செருகிக்கொண்டேன்.

"உன் வூட்டுக்காரனுக்குச் சொல்லாம வுட்டே. அது பயம், எனக்குப் புரியுது. எனக்கு எதுக்கும்மா சொல்லாம வுட்டே?"

பதிலுக்காக நின்றார். கோபத்தில் கேட்டதுபோல இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். என் வீட்டுக்காரர் பேரைக் காப்பாற்ற என்று சொல்லலாம். அது பாதிதான் உண்மை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான் என்கிற மீதிப் பாதியைச் சொல்ல வரவில்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு ஒற்றையடிப்பாதையில் இறங்கினார். கழுதைகள் இல்லாமல் அவர் அந்தப் பாதையில் நடந்து அன்றுதான் பார்த்தேன்.

பத்தடி பின்னால் போனேன். நின்றேன். மறுபடி போனேன். அவர் திரும்பியிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதும்போது தெரிகிறது, அப்போதும் சொல்லியிருக்க மாட்டேன். அவரைக் கூப்பிட என்னிடம் குரல் இருந்தது. கூப்பிடவில்லை.